பட்டா லொறியில் வந்த பட்டு மாடு

கண்டியிலிருந்து கலஹாவுக்கு ஏறும் வீதியில், மழை விட்டும் விடாத ஒரு பின்னேரம், சின்ன லொறி ஒன்று வந்து நின்றது. இந்த ரக லொறியை இலங்கையில் எல்லோரும் ‘பட்டா’ என்பார்கள். சிங்களத்தில் பட்டா என்றால் குள்ளன். பின்கதவைத் திறந்ததும் அதிலிருந்து இறங்கியதும் ஒரு குள்ளிதான். செவலை நிறம், சின்னத் திமில், எண்ணெய் பூசியது போன்ற குட்டை மயிர், தோள் உயரம் ஒரு மீற்றர் அளவு. வாசலில் நின்ற அப்பாயி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “பசு வாங்கப் போறேன்னு சொல்லிட்டு கன்னுக்குட்டியவா கொண்டாந்திருக்க?”

“ரெண்டு ஈத்து போட்ட மாடு அப்பாயி,” என்றான் பேரன். மடியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவர் நம்பினார்.

அந்த வீட்டுக்குச் சொந்தமான நிலம் நூற்றுப் பத்து பேர்ச். முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, அதுவும் சரிவு. மேலே பலா, ஈரப்பலா, கமுகு. நடுவில் கராம்பும் சாதிக்காயும். சீமைக்கிளுவை மரங்களில் ஏறிய மிளகுக்கொடி. அடியில் கோப்பிச்செடியும் இஞ்சியும். உலகின் வேளாண் காட்டியல் நூல்கள் ‘கண்டி வீட்டுத் தோட்டம்’ என்று தனித் தலைப்புப் போட்டு எழுதும் தோட்டம் இதுதான். இதில் முன்பு ஒரு பிரீசியன் கலப்பு மாடு நின்றது. நல்ல கறவை. உண்ணிக் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் செத்தது. மாடு வாங்க எடுத்த கடன் அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் உயிரோடு இருந்தது. அதனால்தான் இந்த முறை உலர் வலயப் பக்கத்துப் பட்டி ஒன்றில் தேடி ஒரு நாட்டு மாட்டைக் கொண்டுவந்தார்கள்.

சிங்களத்தில் இதன் பெயர் ‘பட்டு ஹரக்’. ஹரக் என்றால் மாடு. தமிழ்க் காதுக்குப் பட்டு என்றதும் காஞ்சிபுரம் நினைவுக்கு வரும், அது வேறு. கத்தரிக்காய்க்குச் சிங்களத்தில் வம்பட்டு, சுண்டங்காய் ஜாதிக்குத் திப்பட்டு. அந்த உருண்டைக் காய்களோடு சேர்த்துப் பார்த்தால் பெயர் சிரிப்பை வரவழைக்கும். வளர்ந்த பசு பெரும்பாலும் 200 கிலோவைத் தாண்டாது. நாளுக்கு ஒரு லீற்றர், மிஞ்சினால் இரண்டு லீற்றர் பால். இலங்கையின் நாட்டு மாடுகளில் வேறு கிளைகளும் உண்டு. பொலன்னறுவைப் பக்கத்துத் தமன்கடுவை வெள்ளை மாடு இதைவிடப் பெரிய உடம்பு. மலையகக் குளிரில் ஹற்றன் மாடு, கேப் மாடு என்ற பெயர்களில் சில இருந்தன. ஒல்லாந்தர் காலத்தில் ஆபிரிக்காவின் தென்முனையிலிருந்து வந்த இரத்தம் அவற்றில் இருக்கிறது என்று சொல்வதுண்டு.

இந்தச் சின்ன உடம்பு எங்கிருந்து வந்தது? உலகின் வீட்டு மாடுகளில் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் மூதாதை ஆரொக்ஸ் என்ற காட்டு மாடு. அதன் கடைசிப் பசு 1627இல் போலந்துக் காடு ஒன்றில் செத்தது. ஆனால் அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் அந்தக் குலத்தை இரண்டு வெவ்வேறு இடங்களில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டனர். மேற்கு ஆசியாவில் பழக்கியது திமிலில்லாத மாடு. அதன் வழி வந்தவை பிரீசியனும் ஜேர்சியும் அயர்ஷயரும். சிந்து வெளியை ஒட்டிய பகுதியில், இன்றைக்குச் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன், பழக்கியது திமில் மாடு. காங்கேயமும் உம்பளச்சேரியும் நம் பட்டு மாடும் இந்த வழி. இரு வழிகளும் காட்டில் இருந்தபோதே பல இலட்சம் ஆண்டுகளாகப் பிரிந்திருந்தவை. கலந்தால் கன்று பிறக்கும், அந்தக் கன்றும் ஈனும். என்றாலும் வெயிலையும் உண்ணியையும் காய்ந்த புல்லையும் இரண்டு உடம்புகளும் ஒரே மாதிரி எதிர்கொள்வதில்லை.

இலங்கைக்குத் திமில் மாடுகள் வந்து சேர்ந்த காலத்துக்கு அநுராதபுரம் சாட்சி. அங்கே தொல்லியலாளர் சிரான் தெரணியகல செய்த அகழ்வுகளில், கிறிஸ்துவுக்கு முன் 900 அளவில் இரும்பு, குதிரை, நெல் ஆகியவற்றோடு வீட்டு மாட்டின் தடயமும் சேர்ந்தே தோன்றுகிறது. அன்று தொடங்கி இன்றுவரை யாரும் பதிவேடு வைத்து இந்த மாட்டை வளர்க்கவில்லை. வறட்சி, உண்ணி, கொள்ளை நோய், மேய்ப்பனின் பொறுமை ஆகியவை தாண்டி எது பிழைத்ததோ அது கன்று போட்டது. அதிகம் தின்னும் உடம்பு கோடையில் முதலில் செத்தது. மூவாயிரம் ஆண்டு அப்படியே போனால் என்ன மிஞ்சுமோ அதுதான் லொறியிலிருந்து இறங்கியது.

கண்டி இராச்சியத்தின் முதுகெலும்பே ஒரு காலத்தில் மாட்டின் முதுகெலும்புதான். மன்னர்கள் வேண்டுமென்றே நல்ல பாதை போடாமல் விட்டார்கள். பகைவன் ஏறி வரக்கூடாது என்பது கணக்கு. பாதை இல்லாத மலையில் வண்டி ஓடாது. உப்பும் கருவாடும் மேலே வர, பாக்கும் மிளகும் கீழே போக, முதுகின் இருபுறமும் மூட்டை தொங்கிய பொதி மாடுகள் வரிசையாக நடந்தன. சிங்களத்தில் இதைத் ‘தவலம’ என்பார்கள். நம் தாவளம் என்ற சொல்லின் உறவு. இந்தப் போக்குவரத்தைக் கவனித்த அரச பிரிவுக்கு மடிகே என்று பெயர். அதில் வேலை செய்தவர்களில் பலர் முஸ்லிம்கள். 1766இல் ஒல்லாந்தர் உடன்படிக்கை மூலம் கரையோரம் முழுவதையும் எடுத்துக்கொண்ட பிறகு, உப்பு வரும் வழி கண்டிக்கு உயிர்நாடியாகவே ஆயிற்று. அந்த உப்பைச் சுமந்தது இந்த ஜாதி மாடுதான். செங்குத்துப் பாதையில் 500 கிலோ உடம்பு சறுக்கும். 200 கிலோ உடம்பு ஏறும். எங்கள் குள்ளியும் லொறியிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போகும் நாற்பது படிக்கட்டையும் நின்று மூச்சு வாங்காமல் ஏறினாள். பின்னால் தள்ள வந்த நான்தான் இடையில் உட்கார்ந்தேன்.

1660இலிருந்து 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸ், தன் நூலில் இங்கத்திய மாடுகளையும் அவை சூடு மிதிப்பதையும் எழுதியிருக்கிறார். மன்னனின் விலங்குகளுக்குள் ‘கவர’ என்ற ஒரு காட்டு மாட்டைப் பார்த்ததையும் சொல்கிறார். அது தமிழ்நாட்டில் காட்டெருமை என்று அழைக்கும் கவுர். இன்று இலங்கையில் ஒன்றுகூட இல்லை. எந்த ஆண்டில் கடைசிக் கவர செத்தது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. இந்தத் தீவில் ஒரு மாட்டினம் யாருக்கும் தெரியாமல் போன கதை ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்பதற்காகவே இதைச் சொன்னேன்.

ஆங்கிலேயர் பாதை போட்டதும் பொதி மாட்டின் இடத்தை வண்டி மாடு பிடித்தது. கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது எருவுக்காகவே தோட்டத்துக்குத் தோட்டம் மாட்டுக் கொட்டில் கட்டிக் கினிப்புல் வளர்த்தார்கள். 1867இல் ரயில் கண்டிக்கு வந்தது. அதே ஆண்டில், கலஹாவுக்கு அப்பால் தெல்தோட்டைப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை வைத்தார். சுமை ரயிலுக்குப் போனது. நிலம் தேயிலைக்குப் போனது. மாட்டிடம் கேட்பதற்கு மிஞ்சியது பால் ஒன்றுதான். பாலுக்குக் குளிர்நாட்டு மாடு வந்தது. நாட்டு மாட்டின் மதிப்பு அன்று தொடங்கி லீற்றர் கணக்கில் அளக்கப்பட்டது. அந்த அளவுகோலில் அது தோற்கத்தான் செய்யும்.

தோல்வி எவ்வளவு என்று ஒளிக்காமல் கணக்குப் போட்டுவிடுவோம். ஒரு மாடு தன் எடையில் நூற்றுக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு உலர்தீனியை நாள்தோறும் தின்னும். 180 கிலோ மாட்டுக்கு அது ஏறத்தாழ 5 கிலோ. பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால், வெட்டிய புல்லாக 25 கிலோ வரும். அதாவது ஒரு தலைச்சுமை. 550 கிலோ பிரீசியனுக்கு மூன்று தலைச்சுமை. மூன்று மடங்கு தின்று பதினைந்து லீற்றர் கறக்கும் மாடு ஒரு பக்கம், ஒரு மடங்கு தின்று ஒன்றரை லீற்றர் கறக்கும் மாடு மறுபக்கம். லீற்றர் ஒன்றுக்கு ஆகும் புல்லைப் பார்த்தால் வெள்ளைக்காரி மாடு வெகு சிக்கனம்.

இதற்குள் இன்னொரு விதி வேறு இருக்கிறது. 1932இல் மக்ஸ் கிளைபர் என்ற ஆய்வாளர், எலி முதல் எருது வரை பலவற்றை அளந்து, உடம்பு சும்மா உயிரோடு இருக்க எரிக்கும் சக்தி எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது என்று காட்டினார். எடை மூன்று மடங்கு ஆனால் இருப்புச் செலவு மூன்று மடங்கு ஆவதில்லை. இரண்டே கால் மடங்கு சுற்றித்தான் ஆகிறது. ஆக, கிலோவுக்குக் கிலோ பார்த்தால் சின்ன மாடுதான் ஊதாரி. வயிற்றில் உருவாகும் மீத்தேனையும் பால் லீற்றரால் வகுத்தால் நாட்டு மாட்டுக்குச் சாதகமான எண் வராது. நாட்டு மாட்டைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போவது வழக்கம். எனக்கு அது பிடிப்பதில்லை.

ஆனால் கலஹா வீட்டில் கேள்வியே வேறு. அங்கே அடுத்த புல்வெளியில் மூன்றாவது தலைச்சுமை இல்லை. வேலியோரத்துக் கினிப்புல், கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் உருவாகி இங்கே கொத்துக்கொத்தாக நட்டிருக்கும் கோ-3 புல், மிளகுக்கொடி ஏறிய சீமைக்கிளுவையின் கவாத்து, உதிரும் பலா இலை. எல்லாம் சேர்த்தால் நாளுக்கு ஒரு சுமை, மாரியில் ஒன்றரை. இந்தத் தீனியில் பெரிய மாட்டை நிறுத்தினால் அது இருப்புச் செலவுக்கே போதாமல் மெலியும். மெலிந்த மாடு பருவத்துக்கு வராது. சினை பிடிக்காத மாடு பால் தராது. மிச்சத்தைத் தவிட்டாலும் புண்ணாக்காலும் நிரப்ப வேண்டும், அது காசு. (புண்ணாக்கு என்ற சொல்லை ஆங்கிலேயர் அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள், இலங்கை ஆங்கிலத்தில் இன்றும் ‘பூனக்’ தான்.) 5 கிலோ உலர்தீனியில் முழு வயிறு நிறையும் மாடு 5 கிலோ உலர்தீனி உள்ள வீட்டுக்குத்தான் பொருந்தும். கடையில் சட்டை வாங்கும்போது துணி மலிவாக இருக்கிறதே என்று இரண்டு அளவு பெரியதை யாரும் எடுப்பதில்லை.

வெயில் பற்றியும் கொஞ்சம். கண்டி சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குளிரூர் என்று பெயர் வாங்கினாலும் சராசரி வெப்பம் 24, 25 பாகை. மனிதருக்குச் சுகம். பிரீசியனுக்கு அது சுகத்தின் மேல் எல்லை. அதற்கு மேல் ஈரப்பதமும் சேர்ந்தால் தீனியைக் குறைத்து, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும். பால் சுரத்தல் உடம்புக்குள் அடுப்பு எரிப்பது போல. அதிகம் சுரக்கும் மாட்டுக்குள் அடுப்பும் பெரிது. திமில் மாட்டின் வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, தோலின் மேற்பரப்புக்கு அருகிலேயே இருப்பவை. உள்ளடுப்பும் சின்னது. கழுத்தில் தொங்கும் அலைதாடியும் தளர்ந்த தோலும் மேற்பரப்பைக் கூட்டுகின்றன. திமில் சூரியனிலிருந்து பொன்னை இழுக்கிறது என்று ஒரு கதை இணையத்தில் உலவுகிறது. திமிலில் இருப்பது தசையும் கொழுப்பும்தான்.

அதேபோல ‘ஏ2 பால்’. பாலின் பீட்டா கேசின் என்ற புரதத்தில் 67ஆவது இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறுவதுதான் விஷயம்: அங்கே புரோலின் இருந்தால் ஏ2, ஹிஸ்டிடின் இருந்தால் ஏ1. திமில் மாடுகள் பெரும்பாலும் ஏ2. பிரீசியன் கூட்டத்தில் இரண்டும் கலந்திருக்கும். ஏ1 பாலால் நோய் வருகிறது என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் ஆராய்ந்து, காரண காரியத் தொடர்பு நிறுவப்படவில்லை என்று சொன்னது. ஏ2 என்று எழுதிப் போத்தலை மும்மடங்கு விலைக்கு விற்கிறவரிடம் பேரம் பேச இந்த ஒரு தகவல் போதும்.

இனி, வரவேற்பு. வந்த முதல் நாள் அப்பாயி ஆலாத்தி எடுத்து, நெற்றியில் மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு பிடி பச்சரிசியும் வெல்லமும் நீட்டினார். பிடியளவில் பிழையில்லை. சந்தோஷத்தில் ஒரு வாளி சோறு வைத்திருந்தால் மாடு செத்திருக்கும். மாட்டின் முதல் இரைப்பையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மாடு தின்பது அவற்றுக்கு, அவை நொதிக்க வைத்துத் தருவது மாட்டுக்கு. உலர் வலயத்துக் காய்ந்த புல்லுக்குப் பழகிய நுண்ணுயிர்க் கூட்டம் இங்கத்தியக் கொழுத்த புல்லுக்கு மாற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். திடீரென்று மாவுச்சத்து இறங்கினால் அமிலம் சுரக்கும் கூட்டம் பெருகி, இரைப்பை புளித்து, மாடு விழும். அதனால் மாட்டோடு கூடவே அது தின்று வளர்ந்த வைக்கோலிலும் இரண்டு கட்டு லொறியில் ஏற்றி வரச் சொல்லியிருந்தோம். நாள்தோறும் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டினார்கள். சீமைக்கிளுவை இலையை முதலில் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதன் வாடை புது மாட்டுக்கு ஆகாது. வெட்டிச் சில மணி நேரம் வாட வைத்துப் புல்லோடு கலந்ததும் ஐந்தாம் நாள் தின்றாள். புரதத்தில் நல்ல புண்ணாக்குக்குப் பக்கத்தில் நிற்கும் இலை அது, காசு செலவில்லாமல் வேலியில் தொங்குகிறது.

தனிமைப்படுத்தல் இன்னொன்று. 2020இல் பெரியம்மை போலத் தோலெங்கும் கட்டி எழும்பும் நோய் முதன்முறையாக இலங்கைக்கு வந்து, வடக்கில் தொடங்கிப் பரவியது. அதற்குப் பிறகு, கட்டி ஏதும் இல்லை என்று பார்த்துவிட்டுத் தொழுவத்தில் சேர்ப்பது போதாது. அயல் வீட்டு மாடுகளோடு சேர்க்காமல் மூன்று வாரம் தனியே கட்ட வேண்டும். அதற்குள் மிருக வைத்தியரை அழைத்துப் புழு மருந்து, கால்வாய் நோய்த் தடுப்பூசி, காதில் இலக்கம். கண்டிக்காரர்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் உண்டு: கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம் கெட்டம்பேயில், மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் கன்னொறுவையில், மிருக வைத்திய பீடம் பேராதனையில். ஒரு பஸ் டிக்கட் தூரத்துக்குள் நாட்டின் மாட்டு மூளை முழுவதும் இருக்கிறது.

உண்ணியைப் பற்றி அந்த வீட்டில் எல்லோருக்கும் பயம். நாட்டு மாட்டுக்கு உண்ணி ஏறாது என்பது பொய், குறைவாக ஏறும். தோலின் எதிர்ப்பும், நக்கியே உதிர்க்கும் பழக்கமும் காரணம். உண்ணி கொண்டுவரும் பபேசியா என்ற இரத்த ஒட்டுண்ணியிடம் ஒரு விசித்திரம்: கன்றுப் பருவத்தில் தொற்றினால் பெரும்பாலும் லேசாக வந்து போய், வாழ்நாள் காப்பைத் தந்துவிடும். வளர்ந்த பிறகு முதன்முறை தொற்றினால் கொல்லும். உண்ணியுள்ள ஊரில் பிறந்த கன்று காப்போடு வளர்கிறது. உண்ணியில்லாத நாட்டில் வளர்ந்த மாடு வெறும் உடம்போடு வந்து இறங்குகிறது. 2017இல் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் 5,000 கறவை மாடுகள் கப்பலில் இலங்கைக்கு வந்தன. மொத்தத் திட்டம் 20,000 மாடு. வாங்கிய பண்ணையாளர் பலர் நோய், சாவு, எதிர்பார்த்ததில் பாதிகூட வராத பால், தலைக்கு மேல் கடன் என்று புலம்பினார்கள். நியூசிலாந்தில் பபேசியா நோயே கிடையாது. அந்த மாடுகளைக் குற்றம் சொல்ல ஏதுமில்லை. ஊரைப் பார்க்காமல் மாட்டைத் தேர்ந்தால் அப்படித்தான் முடியும்.

பால் கறப்பதில் முதல் வாரம் பேரன் தோற்றான். பிரீசியனிடம் பழகியவன், அவளோடு வந்திருந்த கன்றைத் தூரக் கட்டிவிட்டு மடியைப் பிடித்தான். ஒரு சொட்டும் இறங்கவில்லை. திமில் மாட்டுக்குக் கன்று வந்து முட்டினால்தான் மூளையிலிருந்து ஒக்சிடோசின் சுரந்து, பாலைக் காம்புக்குத் தள்ளும். பயந்தால் அட்ரினலின் அதைத் தடுத்துவிடும். பல நூறு தலைமுறையாகப் பால் கறக்கவென்றே பொறுக்கி வளர்த்த இனங்களில்தான் கன்றில்லாமலும் பால் இறங்கும் சுபாவம் வந்தது. அப்பாயி பேரனை நகர்த்திவிட்டுக் கன்றை அவிழ்த்தார், ஊட்ட விட்டார், நுரை தட்டியதும் இழுத்துக் கட்டிவிட்டுக் கறந்தார். முக்கால் போத்தல். மிச்சம் கன்றுக்கு. தேநீருக்கு அந்த வீட்டில் அவ்வளவுதான் வேண்டும். 2022இல் பால்மா வாங்க வரிசையில் நின்ற நாட்களை அவர் மறக்கவில்லை.

அந்த வீட்டுக்குப் பாலைவிடப் பெரிய வரவு கொட்டிலின் பின்புறத்தில் சேர்கிறது. நாளுக்கு 8, 9 கிலோ சாணம். வருடத்துக்கு மூன்று தொன். அதில் உள்ள நைதரசன் 13, 14 கிலோ அளவு. யூரியா கணக்கில் சொன்னால் முப்பது கிலோ. சிறுநீரையும் பிடித்தால் இன்னும் கூடும். 2021 வசந்தத்தில் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தியபோது, சாணி மூட்டையை விலை பேசி ஏற்றிப்போக மலைக்கு லொறிகள் வந்தன. அந்த வருடக் கடைசியில் தடையை நீக்கினார்கள். உர விலை மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. மிளகுக்கு எரு, மிளகு ஏறிய மரத்தின் இலை மாட்டுக்கு என்று இந்தத் தோட்டத்துக்குள்ளேயே சுற்றும் ஒரு வட்டம் இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு, இந்த மாடு வந்ததால் நாட்டு மாட்டினம் காப்பாற்றப்பட்டதா என்று கேட்டால், இல்லை. அவள் பருவத்துக்கு வந்த இரவில்தான் அது எங்களுக்குப் புரிந்தது. திமில் மாட்டின் பருவம் குறுகியது, பத்து மணி நேரம் அளவு. பெரும்பாலும் இரவில், அதிகச் சத்தமில்லாமல் வந்து போகும். காலையில் சினை ஊசி போடுகிறவரை அழைத்தால், அவரது திரவ நைதரசன் குடுவையில் இருக்கும் உறைவிந்துக் குழாய்கள் பெரும்பாலும் ஜேர்சி, பிரீசியன், சாஹிவால். அதில் ஒன்றைப் போட்டால் பிறக்கும் கன்றில் நாட்டு இரத்தம் பாதி. அதற்கும் அப்படியே போட்டால் கால், பிறகு அரைக்கால். மூன்றே தலைமுறையில் மூவாயிரம் ஆண்டுச் சேமிப்பு கரைந்துவிடும். 180 கிலோ பசுவின் வயிற்றில் பிரீசியன் கன்று வளர்ந்தால் பிரசவமும் ஆபத்து. நாட்டு நாம்பனைத் தேடிப் போனோம். ஊரில் பசு உண்டு, நாகு உண்டு. நாம்பன்கள் சின்னதிலேயே காயடிக்கப்பட்டோ கறிக்கு விற்கப்பட்டோ போயிருந்தன. பால் தராத நாம்பனுக்கு ஒரு தலைச்சுமைப் புல் போட யாருக்குத்தான் மனம் வரும்?

இதைக் கேரளம் சட்டம் போட்டே செய்து பார்த்தது. 1961இன் கால்நடை மேம்பாட்டுச் சட்டம் நாட்டுக் காளைகளைக் காயடிக்கச் சொன்னது. வைக்கம் பக்கத்து வெச்சூர் என்ற ஊரின் குள்ள மாடு, உயரம் 90 சென்ரிமீற்றர்கூட வராதது, நம் பட்டு மாட்டின் அயல் வீட்டுக்காரி என்று சொல்லலாம், இருபது முப்பது ஆண்டில் ஏறத்தாழ மறைந்தே போனது. 1989இல் மண்ணுத்தியிலிருந்த கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர் சோசம்மா ஐப் மாணவர்களோடு ஊர் ஊராக அலைந்து மிச்சமிருந்தவற்றைத் தேடிச் சேர்த்தார். இன்று வெச்சூர் உயிரோடு இருப்பது அந்த அலைச்சலால்தான். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

காளை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சின்னச் சூத்திரம் இருக்கிறது. மரபியலாளர் சீவல் ரைட் தந்தது. பசுக்களின் எண்ணிக்கையையும் காளைகளின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், மரபியல் கண்ணில் அந்தக் கூட்டம் உண்மையில் எத்தனை பேர் என்று தெரியும். இருபது பசு, ஒரு காளை: எண்பதை இருபத்தொன்றால் வகுத்தால் நாலுகூட இல்லை. கண்ணுக்கு இருபத்தொரு மாடு நிற்கிறது. மரபணுக்களுக்கு நாலு மாடுதான். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு தலைமுறைக்கும் நூற்றுக்குப் பதின்மூன்று அளவில் உள்ளினச் சேர்க்கை ஏறும். அதே இருபது பசுவுக்கு ஐந்து காளை என்றால் கணக்கு பதினாறுக்குத் தாவுகிறது. ஐம்பது இருந்தால்தான் தலைமுறைக்கு ஒரு வீதம் என்ற பொறுக்கத்தக்க அளவு வரும். பசுவைப் பத்து மடங்கு கூட்டினாலும் காளை ஒன்றாகவே இருந்தால் அந்த நாலு நாலாகவேதான் நிற்கும். விதையென்றால் கன்னொறுவையின் தாவர மரபணு வள நிலையத்தில் குளிரறையில் உறங்க வைக்கலாம். மாட்டை அப்படி உறங்க வைக்க முடியாது. உறைவிந்து பாதிக் கதைதான், மீதிப் பாதி எங்கேயோ நின்று புல் தின்ன வேண்டும்.

கலஹாவில் கடைசியில் காளை கிடைத்தது. ஒரு விகாரைக்கு யாரோ இறைச்சிக் கடையிலிருந்து மீட்டுத் தானமாகக் கொடுத்த நாம்பன். பிக்கு அதை ஒரு சிங்களக் குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்திருந்தார். அடுத்த பருவத்தில் குள்ளியை அங்கே நடத்திப் போனார்கள். இரவு, டோர்ச் வெளிச்சம், மூன்று மைல். காளை வீட்டுக்காரர் காசு வாங்கவில்லை. ஒரு கிலோ மிளகு வாங்கிக்கொண்டார். ஒன்பது மாதமும் சில நாட்களும் கழித்து, தைப் பொங்கலுக்கு மறுநாள், பட்டிப் பொங்கலன்று, கன்று பிறந்தது. நாம்பன் கன்று. அப்பாயிக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

நாட்டு மாடு வாங்க நினைக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. பசுவை விசாரிக்கும் முன், நடந்து போய் வரும் தூரத்தில் காளை நிற்கிறதா என்று விசாரியுங்கள். உங்கள் கொட்டிலில் நாம்பன் கன்று பிறந்தால், காயடிக்கிறவருக்குச் சொல்லி அனுப்புவதற்கு முன்பு, சுற்றுவட்டாரத்தில் நாட்டுப் பசு வைத்திருக்கும் வீடுகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். நாலு வீடு சேர்ந்தால் ஒரு காளையின் புல் ஆளுக்குக் கால் சுமைதான்.